ஆள் இருக்கு

நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இது நடந்தது. என் வீட்டில், என் கண் முன்னால், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. அதற்கு வழியைத் திறந்துவிட்டவன் நான்தான்.

நான் கட்டிடங்களுக்குப் பிளான் வரைகிறவன். ஒரு எஞ்சினியர் ஆபீசில் பதினோரு வருஷம் குப்பை கொட்டினேன். பக்கத்து மேஜைக்காரனுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்ததும் நான்தான். அவ்வளவு உயரம். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவன் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை.

"எத்தனை நாளைக்குடா இன்னொருத்தன் கையெழுத்துக்கு நாம வரையறது? வா, வெளிய போயிடலாம்" என்று அவன்தான் கூப்பிட்டான். அவன் பேச்சை நம்பி இருந்த வேலையை விட்டேன். என் மனைவி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் பெரிய வேலையாக ஒரு பள்ளிக்கூடக் கட்டிடம் வந்தது. பள்ளியின் தாளாளர் கறாரான மனிதர். திங்கட்கிழமை காலைக்குள் பிளான் கைக்கு வரவேண்டும், பிடித்தால் வேலை உங்களுக்கு, இல்லையென்றால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். அந்தப் பிளானின் ஒவ்வொரு தாளிலும், வலது மூலையில், எங்கள் இருவர் பெயரும் இருக்கும். பதினோரு வருஷத்தில் நான் வரைந்த எதிலும் என் பெயர் இருந்ததில்லை. அந்த ஒரு மூலைக்காகத்தான் நான் வேலையை விட்டதே.

ஒட்டகத்தின் வீடு ஊரின் அந்தக் கோடியில், ஆற்றைத் தாண்டி. என் வீடு இந்தக் கோடியில். பைல்களோ பெரியவை. இணையத்தில் எங்காவது ஏற்றிவைக்கலாம் என்றால் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "எவனோ ஒருத்தன் இடத்துல நம்ம உழைப்பை எதுக்குக் கொண்டுபோய் வைக்கணும்? உன் வீட்டுலயே இருக்கட்டும். நான் வந்து எடுத்துக்கிறேன்" என்றான்.

ஆகவே ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து இந்த எண்ணில் யாராவது தட்டினால் நேராக என் கம்ப்யூட்டருக்கு அனுப்பு என்று ரவுட்டரிடம் சொல்லிவைப்பது, அவ்வளவுதான். அதிலும் முதல் நாள் சொதப்பினேன். என் கம்ப்யூட்டருக்கு நிலையான முகவரி கொடுக்க மறந்துவிட்டேன். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் அந்த முகவரியைத் தூக்கி டி.வி.க்குக் கொடுத்துவிட்டது. ஒட்டகம் அரைமணி நேரம் டி.வி.யைத் தட்டிக்கொண்டிருந்தான். "பாவம் அண்ணா, சீரியல் பாக்க வந்திருப்பாரு" என்று என் மனைவி சிரித்தாள். அதைச் சரிசெய்தேன். பாஸ்வேர்ட் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். ஒரே பிளானை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திருத்தினால் ஒருவன் வேலை மற்றவன் வேலையை அழித்துவிடும். அதனால் உள்ளே போகிறவன் முதலில் ஒரு காலி பைலைப் போட்டுவைப்பான். அதன் பெயர் 'ஆள் இருக்கு'. குளியலறைக்குள்ளிருந்து குரல் கொடுக்கிற மாதிரி. வேலை முடிந்ததும் அதை அழித்துவிட்டுப் போவான். அது இருக்கும்வரை மற்றவன் கை வைக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒட்டகம் தன் பங்கை முடித்துவிட்டான். மிச்சம் என்னுடையது. சனிக்கிழமை முழுக்க நான்தான் உட்கார்ந்து வரைந்தேன். அவன் போனே செய்யவில்லை. அசந்து தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 2.40. கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று ஃபோல்டரைத் திறந்தேன்.

'ஆள் இருக்கு.'

இவன் எதற்கு இப்போது வந்தான்? போன் செய்தேன். அணைந்திருந்தது. சரி, ஏதோ சின்னத் திருத்தம் போலிருக்கிறது என்று காத்திருந்தேன். பொறுமை போய், கை வைக்காமல் பார்க்க மட்டும் செய்யலாம் என்று முதல் தாளைத் திறந்தேன்.

வலது மூலையில் அவன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

இரண்டாவது தாள். இல்லை. மூன்றாவது தாளில் இருந்தது. அப்பாடா என்றேன். மூடித் திறந்தேன்... அதிலும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு தாளாக என்னை எடுத்துக்கொண்டிருந்தான்.

வேறு எவனாவது செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவன் என் வீட்டில் சாப்பிட்டவன். என் மனைவி அண்ணா என்று கூப்பிடுகிறவன். வேலையை விடு என்று சொன்ன அதே வாய். நான் திறந்துவிட்ட வழியாகவே வந்து என் கழுத்தை அறுக்கிறான். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

ரவுட்டருக்குள் போனேன். போர்ட் ஃபார்வர்டிங்கை அழித்தேன். இனி எப்படி வருகிறாய் பார்க்கிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். 'ஆள் இருக்கு' பைலையும் அழித்தேன்.

அது திரும்ப வந்தது.

மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. இணையம் வருகிற கேபிளையே பிடுங்கினேன். ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. இனி வெளியுலகத்துக்கும் என் வீட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

'ஆள் இருக்கு.'

அப்படியென்றால்... ஆள் வெளியே இல்லை.

ரவுட்டரில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். என் கம்ப்யூட்டர். என் போன். மனைவியின் போன். டி.வி. ஐந்தாவதாக ஒன்று. 'ஒட்டகம்'. அவன் லேப்டாப்புக்கு அவனே வைத்துக்கொண்ட பெயர்.

சிக்னல் முழுசாக இருந்தது. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தால்தான் அப்படிக் காட்டும்.

ரவுட்டர் என் முதுகுக்குப் பின்னால், அலமாரியில் இருந்தது.

டக்... டக்... டக்...

யோசிக்கும்போது கட்டைவிரலால் ஸ்பேஸ் பாரை மூன்று தடவை தட்டுவது அவன் பழக்கம்.

டக்... டக்... டக்...

நான் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினின் சத்தம் நின்றது. மனைவி அறை வாசலுக்கு வந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அண்ணா எப்ப வந்தாரு?" என்றாள். "ஏன் இப்படி நனைஞ்சிருக்காரு?"

மழை இல்லை. ஜன்னலில் வெயில் அடித்தது.

"வெளிய போ" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டி, ரவுட்டரின் கரண்ட் வயரைப் பிடித்தேன்.

வயர் ஈரமாக இருந்தது.

இழுத்தேன்.

டக்... டக்...

நின்றது.

கண்ணைத் திறந்தபோது அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். என் மனைவி சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் 'ஆள் இருக்கு' பைல் இல்லை. அது மட்டுமா? ஃபோல்டரில் ஒன்றுமே இல்லை. ஒரு தாள் மிச்சமில்லாமல் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்போது மணி 3.12.

3.30க்கு அவன் மச்சான் போன் செய்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி இந்தப் பக்கம் வந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது ஒட்டகம் பைக்கோடு பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்திருக்கிறான். இரண்டு நாளாகத் தேடியிருக்கிறார்கள். "நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல. இப்பதான் எடுத்தாங்க. முதுகுல லேப்டாப் பை மாட்டினபடியே இருந்தாரு" என்று அழுதான்.

திங்கட்கிழமை காலையில் அவனை அடக்கம் செய்தோம். முகத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அழுகைக்கு அடியில் ஆத்திரம் அப்படியே இருந்தது. செத்த பிறகு மனசில் இருக்கிற பாசத்தால்தான் திரும்ப வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் பாசத்துக்கு வரவில்லை. உயிரோடு இருந்தபோதே இதை நினைத்திருந்தானா, செத்த பிறகுதான் தோன்றியதா? யாரிடம் கேட்பது? அவன் மனைவியிடம் கேட்கவா முடியும்?

அந்தப் பிளானைத் திரும்ப வரையலாம், தாளாளரிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டுப் பார்க்கலாம் என்று என் மனைவிதான் தைரியம் சொன்னாள். புதன்கிழமை அவருக்குப் போன் செய்தேன். தப்பாக நினைக்காதீர்கள், பார்ட்னர் திடீரென்று தவறிவிட்டார், அதனால்தான் பிளான் வரவில்லை என்றேன்.

"பிளான் வந்துருச்சே" என்றார் தாளாளர். "ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வேலை உங்களுக்குத்தான்னு உங்க ஆள்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே."

"எப்ப சார் வந்துச்சு?"

"திங்கக்கிழமை காலையில. அந்த உயரமானவரு நேர்லயே கொண்டுவந்து குடுத்தாரு. வாசல்ல தலையைக்கூட இடிச்சுக்கிட்டாரு, பாவம். அந்த நிலைமையிலயும் வந்தாரே."

"எந்த நிலைமை?"

"கூட வேலை பாத்தவரு வெள்ளிக்கிழமை ராத்திரி பைக்கோட ஆத்துல விழுந்து இறந்துட்டாராமே. அதனாலதான் பிளான்ல அவர் பேரை எடுத்துட்டேன்னு சொல்லி தேம்பித் தேம்பி அழுதாரு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அவருக்காக ஒரு நிமிஷம் எழுந்து நின்னோம்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தாளாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஆமா... நீங்க யாரு பேசறது?"