மூன்றாவது கை

மாமல்லபுரம் கடற்கரையில் கல்யாணப் படம் எடுக்க வந்தவர் என் பேத்தியின் மாப்பிள்ளையிடம், "தோள்ல கை போடுங்க" என்றதும், செங்கல்பட்டு ஸ்டூடியோவின் டர்பன்டைன் வாடை என் மூக்கில் ஏறியது.

ஐம்பதுகளில் அங்கே படம் எடுப்பவரே அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணமும் தீட்டுவார். ஜன்னல் வெளிச்சம் அம்மா முகத்தில் விழும்படி உட்காரவைத்தவர், "அண்ணாத்த, அண்ணி தோள்ல கை வைங்க" என்றார். அப்பா இரண்டு கையையும் விறைப்பாகத் தொங்கவிட்டு, ஒரு முழம் தள்ளி நின்றார்.

வந்த படத்தில் அம்மா தோளில் ரோஸ் நிறத்தில் மூன்றாவதாக ஒரு கை இருந்தது. "அந்த எடம் வெறிச்சுனு இருந்திச்சு, வரைஞ்சிட்டேன்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"இத்த மொதல்ல அழிக்கணும்" என்று அப்பா வீட்டில் குதித்தார். அம்மா படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டுச் சொன்னாள்: "இது இருக்கட்டும். வேணும்னா உங்க ரெண்டு கையையும் அழிக்கச் சொல்லுங்க."