பிள்ளைகள் மட்டும்

கல்யாணப் பத்திரிகை வந்தால் என் அப்பா முதலில் அதிலுள்ள அச்சுப்பிழைகளைத் திருத்துவார். பிறகுதான் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பார். மாமாவும் அப்படியே. அப்பா துறைமுகத்தில் கப்பல் சரக்கைச் சரிபார்க்கும் குமாஸ்தா. அம்மாவின் தம்பியான மாமா, கொருக்குப்பேட்டை ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. ராயபுரத்தில் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. இருவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று தெருவே சொன்னது. அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருத்தனோடு வளர்ந்து இன்னொருத்தரோடு வாழ்பவள் என்பதால், அவள் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை.

தெரு கேரம் மன்றத்துக்கு விதிகளை எழுதியவர்களும் இவர்கள்தான். ஒன்றரைப் பலகை இருந்த மன்றத்துக்கு இருபத்தாறு விதிகள். மே மாதப் போட்டிக்கு உரியது இது: ‘உறுப்பினர்களின் பிள்ளைகள் மட்டும் கலந்துகொள்ளலாம்.’

எனக்கு அப்போது பத்து வயது. மாடிப்படிக்குக் கீழே உடைந்து கிடந்த அரைப் பலகையில் தனியாக அடித்து அடித்துக் கை பழகியிருந்தது. போட்டியில் ஆடாவிட்டால் எனக்கு அந்தக் கோடை விடுமுறையே வீண். பெயர் கொடுக்கப் போனேன். அப்பா பேனாவை மூடினார்.

“பிள்ளைன்னா பசங்க, பொண்ணுங்க இல்ல. நானும் உங்க மாமனும் அப்படி நெனச்சுதான் எய்தினோம்.”

பக்கத்தில் நோட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த மாமா தலைதூக்கினார். அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

“நெனச்சது நோட்ல இல்லியே மாமா. ஆஸ்பத்திரில கொயந்த பொறந்தா இன்னா புள்ளன்னுதான கேக்கறாங்கோ? புள்ளன்னாலே பையன்னா, எதுக்குக் கேக்கணும்?”

அப்பா விதியை இரண்டு முறை படித்தார். எழுதாததை அமல்படுத்த அவரால் முடியாது. கசப்பு மருந்து குடித்த முகத்தோடு என் பெயரை எழுதினார்.

போட்டியன்று ஒரு பையனின் தகப்பன் சண்டைக்கு வந்தார். “இன்னா நைனா, பொட்டப் புள்ளய கொண்டாந்து குந்த வெச்சுகினுகீற?”

“பேரு ஏறிப்போச்சு. ஏறின பேர அடிக்க விதி இல்ல,” என்றார் அப்பா, தனக்கே அதில் வருத்தம் என்பதுபோல.

அரையிறுதியில் மாமா மகனை வென்றேன். இறுதியில் தோற்றேன். ஆனாலும் அந்த ஆண்டு முழுக்க மாமா என் கட்சி, அப்பா எதிர்க்கட்சி என்று முடிவு கட்டியிருந்தேன்.

அடுத்த ஆண்டு, பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்குச் சரியாக மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு தாளோடு வந்தார். ‘பிள்ளைகள்’ என்பதற்கு முன்னால் ‘ஆண்’ என்று சேர்க்க வேண்டுமாம்.

“ஓட்டைன்னு தெரிஞ்சா அடைக்கணும் இல்ல? நீங்களும் அப்பிடி நெனச்சுதான எய்தினீங்கோ மாமா.”

மகன் தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதவோரம் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா மறுக்க ஒரு காரணமும் இல்லை. அவருடைய கருத்தும் அதுதான். விதியைத் திருத்தப் பொதுக்குழு கூட வேண்டும், அதற்குப் பதினைந்து நாள் முன்னதாக நோட்டீஸ் ஒட்ட வேண்டும். நாள் தாராளமாக இருந்தது.

“பாக்கறேன் மச்சான்,” என்று அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மறுநாள் காலை வேறு சட்டை போட்டபோது, பழைய பையிலிருந்து அதை எடுத்துப் புதிய பையில் வைத்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. வாரம் முழுக்க அந்தத் தாள் அவரோடு துறைமுகம் போய் வந்தது. அடுத்த வாரம் திங்கட்கிழமை அதை மேசையில் விரித்து, ‘பெறப்பட்டது’ என்று எழுதி, மேசைக்கு வந்த நாளாக அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டு, அன்றே நோட்டீஸும் ஒட்டினார். அன்றிலிருந்து பதினைந்து நாள் எண்ணினால், கூட்டம் கடைசி நாளுக்கு இரண்டு நாள் கழித்து விழுந்தது.

நோட்டீஸைப் பார்த்து மாமா விரல் விட்டு எண்ணினார். “நான் குட்த்தது போன வாரம் மாமா.”

“தாள்ல தேதி கீது பாரு.”

மாமா பார்த்தார். தேதி போட்டுக் கையெழுத்தும் இட்ட தாளோடு வாதாடுவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. எதிர்வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

கடைசி நாளில் என்னோடு இன்னும் மூன்று சிறுமிகளின் பெயரும் ஏறியது. பொதுக்குழுவில் அவர்களுடைய தகப்பன்கள் கையைத் தூக்கவில்லை, திருத்தம் தோற்றது. பெண் பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்து கேரம் ஆடுவது தனக்குப் பிடிக்கவில்லை என்று அப்பா அம்மாவிடம் அன்றும் சொன்னார். அதற்குப் பிறகும் பல வருடம் சொன்னார்.

அரசு அலுவலகத்தில் ஒரு ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவள் நான். தாளை மறுக்காமல், தொலைக்காமல், அதில் ஒரு பொய்யும் எழுதாமல் ஒரு மனிதர் எவ்வளவு தூரம் வளையலாம் என்பது எனக்கு இப்போது தெரியும். பதினொரு வயதில் தெரியவில்லை. அப்பா அந்தத் தாளை மறந்துவிட்டார், யாராவது நினைவுபடுத்திவிடப் போகிறார்களே என்று அந்த வாரம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். தினமும் காலையில் தன் கையாலேயே எடுத்து மாற்றி வைக்கிறவருக்கு மறதி எங்கிருந்து வரும் என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.