சட்டைப் பையில் இருந்த ரப்பர்

மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவக் குனிந்தபோது, என் சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் வளையம் குழாயடியில் விழுந்தது. கை கழுவாமலே அதை எடுத்துப் பார்த்தேன்.

பாகலூர் ரோட்டில் லாரிகளுக்கு ஏசி, ஹீட்டர் வேலை பார்க்கிறேன். கழற்றுகிற சின்னச் சாமான்களைத் தரையில் வைத்தால் காணாமல் போகும் என்று பையில் போட்டுக்கொள்வது என் பழக்கம். அன்று காலை ஒரு லாரியில் ஒழுகிய ஹீட்டர் குழாயை மாற்றியிருந்தேன். எஞ்சின் பக்கமிருந்து அந்தக் குழாய் கேபினுக்குள் நுழைகிற ஓட்டையை அடைக்க வேண்டிய ரப்பர்தான் இது.

வேறு வண்டி என்றால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். இதில் எஞ்சின் புகை வெளியேறும் குழாயின் மூட்டில் கரி படிந்திருந்தது. புகை கசிகிறது, சீக்கிரம் சரிசெய் என்று டிரைவரிடம் சொல்லியும் இருந்தேன். சேலத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். கொட்டாவி விட்டபடி கேட்டுக்கொண்டார்.

"லோடு நாளைக்குத்தாங்கண்ணா. உத்தனப்பள்ளி தாண்டி கம்பெனி கேட்டுல வரிசைல போட்டுட்டு, ஏசியப் போட்டுத் தூங்கப்போறேன். ரெண்டு நாளாக் கண்ணே மூடல" என்றார்.

எஞ்சின் ஓடினால்தான் ஏசி ஓடும். ஓடுகிறவரை புகையும் அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப். வரிசையில் தூங்கும் டிரைவர்கள் செய்வதுதான்.

திறந்த டிபன் பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு, ரப்பரோடு பைக்கை எடுத்தேன். அவர் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தூங்க ஆரம்பித்தே ஒரு மணி நேரமாவது இருக்கும். வழியில் சானமாவு காட்டுப் பகுதியில் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். யானைகள் ரோட்டைக் கடக்கப் போகின்றனவாம்.

"அண்ணா, ஒரு உசுரு விஷயம், என்னை மட்டும் விடுங்க" என்று வனக் காவலரிடம் கெஞ்சினேன்.

"உன் உசுருக்குத்தான்யா நிக்கச் சொல்றேன்" என்றார்.

பைக்கில் உட்கார்ந்தேன், இறங்கினேன், மறுபடியும் போன் போட்டேன். பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் யானையைப் படமெடுக்கக் கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் மேல் ஆத்திரம் வந்தது. ஒரு குட்டி நடுரோட்டில் நின்று சாவகாசமாக மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டது. அதையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே லாரிகள் நீளமாக நின்றன. அவருடையது கடைசிக்கு முந்தியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்க ஏறியிருந்தது. இரண்டு கையாலும் கதவை அடித்தேன். உள்ளே அசைவே இல்லை. கல்லை எடுத்து ஓங்கிய பிறகுதான் ஒரு கை தெரிந்தது. கதவு திறந்தது. தள்ளாடி இறங்கியவர் டயரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார்.

ரப்பரை மாட்ட மறந்தது நான்தான் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அறிவிருக்காய்யா உனக்கு? புகை கசியுதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? கண்ணாடிய ஏத்திக்கிட்டு எஞ்சின ஓடவிட்டுத் தூங்குவியா?"

மற்ற டிரைவர்கள் கூடிவிட்டார்கள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தப்புதாங்கண்ணா. நீங்க சொன்னீங்க, நாந்தான் காதுல வாங்கல" என்றார்.

இரண்டு பேர் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். போகும்போதும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகு, எஞ்சினை அணைத்துவிட்டு அந்த ரப்பரை அதன் இடத்தில் மாட்டினேன். யாரும் என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை.

இப்போது பை வைத்த சட்டையோடு நான் வேலை செய்வதில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். வெட்கம் விடவில்லை.

போன வாரம் அவர் வேறொரு டிரைவரை என்னிடம் அழைத்துவந்தார். "இவரு என்ன சொன்னாலும் அப்படியே கேளு. நான் கேக்காமத்தான் சாகப் பாத்தேன்" என்று அவனிடம் சொன்னார்.

நான் தலை நிமிராமல், எஞ்சினைப் பார்க்கணும், கேபினைத் தூக்கு என்றேன்.