கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்காய்

1. ஜன்னலுக்கு வெளியே பனி

மாடரேட்டராக உட்கார்ந்த முதல் நாளே ஒரு விளம்பரத்தைத் தூக்கினேன். "கொல்கத்தா, லேக் கார்டன்ஸ். லென்ஸ் புத்தம்புதுசு மாதிரி. நேற்று என் வீட்டு ஜன்னலோரத்தில் எடுத்த படம்" என்று போட்டிருந்தார்கள். படத்தில் லென்ஸுக்குப் பின்னால் ஜன்னல். அதற்கு வெளியே கூரைகளெல்லாம் பனி மூடிக் கிடந்தன. நான் குடியிருப்பதும் லேக் கார்டன்ஸ்தான். முந்தின நாள் எங்கள் தெருவில் ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்ந்தவர்களுக்கே வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

பழைய ஃபிலிம் கேமரா பிரியர்களுக்கான ஆன்லைன் ஃபோரம் அது. அதை நடத்துகிறவர் அனிர்பன், ஐ.டி. வேலையில் இருக்கிறார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே ஃபோன் செய்துவிட்டார். "வசந்தாதி, வாங்க-விற்க பகுதியை நீங்கதான் பாத்துக்கணும். வாரத்துக்கு ஒருத்தர் ஏமாந்துட்டு என்கிட்ட வந்து அழறாங்க." தீதி என்றால் அக்கா. பெயரோடு ஒட்டினால் அது 'தி' ஆகிவிடும்.

என்னை ஏன் கூப்பிட்டார் என்றால், ஒரு கேமரா சர்வீஸ் சென்டரின் கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். "கீழே விழவே இல்லை மேடம்" என்று சத்தியம் செய்வார்கள். திறந்தால் உள்ளிருந்து பூரி கடற்கரை மணல் கொட்டும். ஈரக்காற்று ஊர் என்பதால் லென்ஸுக்குள் ஃபங்கஸ் வலை பின்னியிருக்கும். "அது தூசி" என்பார்கள். பொருளையும் பார்த்து, அதைக் கொண்டுவந்தவர் முகத்தையும் பார்த்துப் பார்த்து, எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு கொஞ்சம் வந்திருந்தது. அந்த நினைப்பு எப்படிப் போனது என்பதுதான் இந்தக் குறிப்பு.

2. காய்கறி விதி

நான் வருவதற்கு முன் இருந்த விதி எளிது. விற்பவர் ஒரு காகிதத்தில் தன் பெயரையும் தேதியையும் எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஆனால் இப்போது ஏமாற்றுக்காரர்கள் கம்ப்யூட்டரிலேயே யாருடைய படத்திலும் ஒரு காகிதத்தைச் சொருகி, கையெழுத்து மாதிரியே பெயரை வரவழைத்துவிடுகிறார்கள். அதனால் நான் விதியை மாற்றினேன். விளம்பரம் வந்ததும் வீட்டில் இருக்கக்கூடிய ஒரு பொருளை அந்த நேரத்தில் நானே சொல்வேன். அதைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கத்திலிருந்து எடுத்த படங்களைப் பத்து நிமிடத்துக்குள் அனுப்ப வேண்டும். சீரியல் நம்பரும் தெரிய வேண்டும்.

முதல் தடவை மனதில் வந்தது கத்தரிக்காய். அன்று எங்கள் வீட்டு எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு நறுக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஏமாற்றுக்காரர்களில் பாதிப்பேர் அந்தக் கேள்விக்கே ஓடிவிட்டார்கள். ஒருவர் அனுப்பிய படத்தில் கத்தரிக்காய் கேமராவை விடப் பெரிதாக, மேஜையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. நல்லவர்களும் விளையாடினார்கள். "பச்சைக் கத்தரிக்காய் இல்லை தீதி, பேகுன் பாஜா ஆயிடுச்சு" என்று வறுத்த துண்டுகளைத் தட்டோடு கேமரா பக்கத்தில் வைத்து அனுப்பினார் ஒருவர். எண்ணெய் பளபளத்தது. உடனே அனுமதித்தேன்.

அந்த விதியில் ஓர் ஓட்டையை நானே வைத்தேன். ஃபோரத்தில் பல வருடமாக இருக்கிற, நிறைய நல்ல ஃபீட்பேக் வாங்கிய மூத்த உறுப்பினர்களுக்குக் கத்தரிக்காய் வேண்டாம் என்றேன். மரியாதைக்காகத்தான்.

3. இரண்டு விளம்பரம்

ஃபோரத்தில் எனக்குப் பழக்கமான மீனாட்சி, பவானிபூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்தது இங்கே. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள பழைய கேமரா ஒன்று வாங்க வேண்டும் என்பது அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, குனிந்து பார்த்துப் படம் எடுக்கிற வகை. ஒருநாள் அந்த மாடல் ஃபோரத்தில் இரண்டு விற்பனைக்கு வந்தது.

ஒன்று டாக்குரியாவிலிருந்து. விற்பவர் சுகுமார் பாபு, ரயில்வேயில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர், ஃபோரத்துக்குப் புதியவர். விளம்பரத்தில் படமே இல்லை. வழக்கம்போல் கத்தரிக்காய் கேட்டேன். பெங்காலியில் பதில் வந்தது: "நான் கேமரா விக்கிறேன். காய்கறிக் கடை போடலை. வேணும்னா நேர்ல வந்து பாருங்க, வேண்டாம்னா விடுங்க."

இன்னொன்று மைசூரிலிருந்து. அவர் ஃபோரத்தில் 'மான்சூன்' என்ற பெயரில் எழுதுகிறவர், ஆரம்பத்திலிருந்தே இருக்கிற உறுப்பினர், எல்லோருக்கும் பிடித்தவர். படங்கள் அழகாக இருந்தன. விலையும் கொஞ்சம் குறைவு.

சுகுமார் பாபுவின் விளம்பரத்தை நீக்கினேன். மீனாட்சி ஃபோனில் கேட்டாள்: "அக்கா, டாக்குரியான்னா பக்கத்துலதானே? போய்ப் பாத்துரட்டுமா?"

"வேண்டாம்மா. படம் அனுப்ப மாட்டேங்கிறவர்கிட்ட என்ன பேச்சு? மான்சூன்கிட்ட வாங்கு. அவரை எனக்கு நல்லாத் தெரியும்."

அவரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

4. மிஸ், பணம் கொடுக்காதீங்க

இரண்டு நாள் கழித்து மீனாட்சியிடமிருந்து மெசேஜ்: "அக்கா, இன்னைக்கு டிஃபின் நேரத்துல முழுப் பணமும் அனுப்பிருவேன். அவரோட மச்சான் அக்கவுண்ட்டுக்கு அனுப்பச் சொல்றாரு. இன்னொருத்தர் கேட்டுட்டே இருக்காராம், ஒரு மணிக்குள்ள அனுப்பணுமாம். சரிதானே?"

மச்சான் என்ற சொல்லில் கண் நின்றது. மான்சூன் விளம்பரத்தைத் திரும்பத் திறந்து, இந்தத் தடவை நிதானமாகப் படித்தேன். "எல்லாம் மிகச் சரியாக வேலை செய்கிறது" என்றிருந்தது. மான்சூன் அப்படி எழுதுகிற ஆள் இல்லை. முன்பு ஒரு ஃபில்டர் விற்றபோது, அதன் ஓரத்தில் இருந்த நகக்கீறலைப் பற்றி மட்டும் அரைப்பக்கம் எழுதியவர். பழைய கேமராவை ஆசையாக வைத்திருக்கிற யாரும் அதில் குறையே இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்லோ ஸ்பீடில் ஷட்டர் மூடாமல் இழுக்கும், கண்ணாடி மங்கியிருக்கும், ஏதாவது சொல்வார்கள்.

அவருக்கு எழுதினேன்: "ஒரு கத்தரிக்காய் படம் அனுப்ப முடியுமா?"

உடனே பதில் வந்தது. "டியர் மேடம், இத்தனை வருட ஃபீட்பேக்குக்கு அப்புறமும் சந்தேகமா? மனசு புண்படுகிறது."

மனசு புண்பட்டிருக்கலாம். ஆனால் கத்தரிக்காய் வரவில்லை.

மணி பன்னிரண்டே முக்கால். மீனாட்சியைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வகுப்பில் ஃபோனை சைலண்டில் போட்டுவிடுவாள். திரும்பத் திரும்ப அடித்தும் பயனில்லை. பள்ளிக்கூட ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்தேன். எடுத்தவர் கிளார்க் கோஷ் பாபு.

"மீனாட்சி மிஸ்கிட்ட உடனே சொல்லுங்க, பணம் அனுப்ப வேண்டாம்னு. ரொம்ப அவசரம்!"

"என்ன பணம்?"

"அது அவங்களுக்குத் தெரியும். தயவுசெஞ்சு ஓடுங்க!"

அவர் உண்மையிலேயே ஓடியிருக்கிறார். மூன்றாவது மாடி. வகுப்பு வாசலில் மூச்சிரைக்க நின்று, "மிஸ், டாகா தேபேன் நா! டாகா தேபேன் நா!" என்று கத்தினாராம். பணம் கொடுக்காதீங்க, கொடுக்காதீங்க என்று. பிக்னிக்குப் பணம் கட்ட வேண்டாம் என்கிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் மேஜையைத் தட்டிக் கொண்டாடியிருக்கிறார்கள். அடுத்த ஒரு வாரம் வராந்தாவில் மீனாட்சியைப் பார்த்தாலே "டாகா தேபேன் நா" என்று பாடிக்கொண்டிருந்தார்களாம்.

பணம் தப்பியது.

அன்று மாலை அனிர்பன் பழைய பதிவுகளில் தேடி மான்சூனின் ஃபோன் நம்பரை எடுத்துக் கொடுத்தார். கூப்பிட்டால், மனிதர் கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டு வாரமாக ஃபோரம் பக்கமே வராமல் இருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்ததால், எவனோ அதைத் தெரிந்துகொண்டு அவர் கணக்குக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டான். "என் கேமராவை நான் விக்கிறதா? முதல்ல வீட்டை வித்துடுவேன்" என்றார். கணக்கை அன்றே பூட்டினோம். எல்லா உறுப்பினர்களுக்கும் எச்சரிக்கை போட்டோம்.

5. டாக்குரியா

ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, மீனாட்சியைக் கூட்டிக்கொண்டு சுகுமார் பாபு வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்தான். ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கத்தரிக்காய் மேடமா?"

"ஆமா. உங்க விளம்பரத்தை எடுத்தது தப்பு. வந்து பாருங்கன்னு நீங்க சொன்னப்பவே வந்திருக்கணும்."

அவர் உள்ளே போய்க் கேமராவைக் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு காகிதம். டிராஃப்ட்ஸ்மேன் கையில் ஒருகாலத்தில் நேர்கோடாக இருந்திருக்க வேண்டிய எழுத்து, இப்போது அலையலையாக ஓடியது. கேமராவின் குறைகளை வரிசையாக எழுதியிருந்தார். ஒரு செகண்ட் ஸ்பீடில் ஷட்டர் இழுக்கும். கீழ் லென்ஸ் ஓரத்தில் கடுகளவு ஃபங்கஸ். தோலுறை இடது பக்கம் தையல் விட்டிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை.

மீனாட்சிதான் கேட்டாள். "இவ்வளவு நேர்மையா எழுதியிருக்கீங்களே, ஒரு படம் அனுப்பியிருந்தா அன்னைக்கே வாங்கியிருப்பேனே?"

அவர் வலது கையை மேஜைமேல் வைத்தார். அது நடுங்கிக்கொண்டே இருந்தது. இடது கையால் அதை அமுக்கிப் பிடித்தார். அப்போதும் நிற்கவில்லை.

"ஃபோன்ல எட்டுத் தடவை எடுத்தேன். எட்டும் கலங்கிப்போச்சு. கேமராக்காரங்க ஃபோரத்துல போய் அந்தப் படத்தையா போடறது? கை இப்படி ஆனதாலதானே இதையே விக்கிறேன்."

மீனாட்சி அவர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தாள். அவர் ஃபிலிம் மாட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. "புத்தகம் இருக்கு, படிச்சுக்கோ" என்று மேனுவலை நீட்டினார். கிளம்பும்போது மட்டும், "முதல் ரோல் கழுவினதும் கொண்டுவா, பாக்கணும்" என்றார்.

அன்றிரவே விதியைத் திருத்தி எழுதினேன். மூத்தவர், புதியவர், மாடரேட்டர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. படம் எடுக்க முடியாதவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் இருக்கிற ஓர் உறுப்பினர் நேரில் போய்ப் பொருளைப் பார்த்து எழுதுவார். விற்பவர் பெயரில் இல்லாத கணக்குக்குப் பணம் போகக்கூடாது. அவசரப்படுத்தினால் அந்த வியாபாரமே வேண்டாம்.

இருபத்திரண்டு வருடக் கவுன்ட்டர் சொல்லிக்கொடுக்காத ஒன்றை நான் அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். இனிமையாகப் பேசுகிறவரை நம்புவதும் முகத்தில் அடித்த மாதிரிப் பேசுகிறவரைச் சந்தேகப்படுவதும் சோதனை ஆகாது. அது என் சௌகரியம், அவ்வளவுதான். சோதிக்க வேண்டியது பொருளை. மனிதரிடம் போய்க் கேட்க வேண்டும்.

அடுத்த வாரம் சுகுமார் பாபு எழுதிய முதல் ஃபீட்பேக் ஃபோரத்தில் வந்தது. "வாங்கியவர் நல்ல பெண். மாடரேட்டர் தொல்லை. ஆனால் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார்." அனிர்பன் அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதுதான் துல்லியமானது.