அத்தான் செய்ததாகச் சொல்லப்படும் பெட்டி

போன மாதம் அக்கா மகன் ஒரு குட்டி ஆம்பிளிஃபயர் வாங்கி வந்து என் மேசையில் வைத்தான். டிபன் டப்பாவில் பாதிதான் இருக்கும். கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, முன்னால் ஒரே ஒரு குமிழ். அவன் போட்ட முதல் பாட்டு முடிவதற்குள் நான் அதைக் கவிழ்த்து, அடியில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்த்தேன். "சித்தி, பாட்டக் கேளுங்க. பெட்டிய ஏன் மோந்து பாக்கீக?" என்றான். மோந்துதான் பார்த்தேன். புதுப் பெயின்ட் முதல் தடவை சூடாகும்போது வருகிற அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அவன் அப்பா மேல் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷத்துக் கோபம். இன்னும் கெட்டுப்போகாமல் இருக்கிறது.

அவன் அப்பா என்றால் என் அத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ரேடியோ கடை வைத்திருந்தார். நான் ராஜபாளையத்தில், ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அவர் கடைக்கு ஆம்பிளிஃபயர் போர்டு கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகள் முடிகிற சமயம். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ வருகிறவனைவிட எரிந்துபோன டிரான்சிஸ்டர் மேல்தான் கவலை அதிகம்.

அப்போதெல்லாம் ஆம்பிளிஃபயர் என்றால் பிளைவுட் பெட்டி, மேலே சன்மைக்கா. பார்க்க அழகாக இருக்கும். சித்திரை வெயிலில் தையற்கடையில் காலை முதல் மாலை வரை பாடினால் உள்ளே வெந்துவிடும். மாதம் நாலு பெட்டியாவது எரிந்து திரும்பி வரும். திறந்தால் கருகிய வாடை. பெட்டியே சூட்டை இழுத்து வெளியே விடுகிற மாதிரி, சின்னதாக, தகட்டில் ஒன்று செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது அந்த வாடையில்தான்.

செருப்பு வாங்கின அட்டை டப்பாவைக் கிழித்து முதலில் அட்டையில் ஒரு பெட்டி செய்தேன். அதை எடுத்துக்கொண்டு வெங்கட்ராஜு அண்ணன் பட்டறைக்குப் போனேன். மில்களுக்குக் காற்றுக் குழாய் செய்கிற பட்டறை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "இது என்னம்மா, எலிப் பொறியா?" என்று கேட்டார். தகட்டை மடக்கும்போது தகட்டின் கனத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் மரமண்டைக்குத் தெரியவில்லை. முதல் பெட்டிக்கு மூடி இறங்கவே இல்லை. நான் அதன் மேல் ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். பட்டறையே சிரித்தது. இரண்டாவதில் துளைகள் இடம் மாறிவிட்டன. மூன்றாவது பெட்டியில் மூடி சோப்புப் பெட்டி மூடி மாதிரி வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. வெங்கட்ராஜு அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பாகுந்தி" என்றார், நல்லா இருக்கு என்று. அந்த ஒரு வார்த்தையை நான் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

பின்சுவர் மட்டும் கனமான அலுமினியத் தட்டு. டிரான்சிஸ்டர்களை அதில் முறுக்கி, நடுவில் மைக்கா வில்லையும் சூட்டைக் கடத்துகிற வெள்ளைக் களிம்பும். களிம்பு என் தாவணியிலும் இருந்தது, அம்மாவிடம் வாங்கிய திட்டில் பாதி அதற்குத்தான். ஒரு வாரம் இடைவிடாமல் பாட விட்டேன். பின்சுவர் கை பொறுக்கிற சூட்டோடு நின்றுகொண்டது.

அத்தானுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே மதுரையிலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் காட்டினார். "யாரு செஞ்சது?" என்று அவர் கேட்டபோது நான் காபித் தட்டோடு நிற்கிறேன். அத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நாந்தான். ஆறு மாசம் மண்டைய ஒடச்சிக்கிட்டேன்" என்றார். வியாபாரி, இந்தப் பெண் யாரு என்று கேட்டார். "கொழுந்தியா. காபி நல்லாப் போடுவா."

அடுப்படியில் அக்காவிடம் கேட்டேன். "ஏட்டி, பொம்பளப் பிள்ள செஞ்சதுன்னா எவன் வாங்குவான்? அவிய சொன்னா என்ன, நீ சொன்னா என்ன" என்றாள். அவளும் அந்த வீட்டில் இருந்தாக வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த ஆளை மட்டும் விடுவதாக இல்லை.

எனக்கு அவ்வளவு சீக்கிரம் வாய்ப்புக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. மறு வாரம் அந்த வியாபாரி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. அத்தான் இன்னொரு பெட்டியை, நான் போர்டு மாட்டுவதற்கு முன்பே எடுத்துப்போய், வேன் பாடிக்குப் பெயின்ட் அடிக்கிறவரிடம் கொடுத்து ஹாமர்டோன் பச்சை அடித்துவிட்டார். சுத்தியலால் தட்டினது போலச் சுருக்கம் சுருக்கமாக விழுமே, அந்தப் பெயின்ட். வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் கனமாக இரண்டு கோட்டு. எர்த் கம்பி வெறும் இரும்பில் பட்டால்தான் பெட்டி அமைதியாக இருக்கும். பெயின்டின் மேல் முறுக்கினால் பட்டும் படாத கதைதான். போர்டை அவரே மாட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அஞ்சு பேர் நாற்காலியில். அத்தான் சுவிட்சைப் போட்டார். பாட்டுக்கு முன்னால் ஓர் இரைச்சல் வந்தது. குமிழைத் தொட்டால் இன்னும் கூடியது. தட்டினார், உலுக்கினார், கரண்டு சரியில்லை என்றார், பக்கத்து மில்லைத் திட்டினார். வியாபாரி எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். நான் எல்லோருக்கும் காபி கொடுத்தேன். அன்றைக்குப் போட்ட மாதிரி நல்ல காபி பிறகு எப்போதும் போட்டதில்லை.

மறுநாள் பெட்டியை வயர்கூடையில் வைத்து அத்தான் பஸ்ஸேறி ராஜபாளையம் வந்தார். எப்படி என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. "என்னன்னு பாரு" என்றார், அவ்வளவுதான். "செத்த நேரம் இருங்க அத்தான்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். பிளேடால் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்ட இரண்டு நிமிஷம். சும்மா சுரண்டுவானேன் என்று என் பெயரின் முதல் எழுத்தாகச் சுரண்டி, அதன் மேல் எர்த்தை முறுக்கினேன். மிச்ச நேரம் வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்தேன். சாயங்காலம் பெட்டியைக் கொடுத்தபோது மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் நின்றது.

இரைச்சல் நின்றதும் வியாபாரி திரும்பி வந்து ஆர்டர் கொடுத்தார், பதினோரு வருஷம் இது நடந்தது. எனக்குக் கல்யாணமாகி அதே ஊரில் நாலு தெரு தள்ளிப் போனேன், அங்கேயும் வந்தார். ஒவ்வொரு பச்சைப் பெட்டியும் என் வீட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும். முன்பக்கம் அவர் கடைப் பெயர், உள்ளே என் எழுத்து. வரும்போது பால்கோவா வாங்கி வருவார். நான் மிச்சம் வைக்காமல் தின்பேன். கோபம் வேறு, பால்கோவா வேறு.

பிறகு வெளியூரிலிருந்து பிளாஸ்டிக் பெட்டிகள் வந்து எங்கள் பெட்டியை அடித்துவிட்டன. அத்தானுக்கும் வயசாகி, கடைசியில் படுத்துவிட்டார். ஒரு நாள் பார்க்கப் போனேன். உறவுக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இரக்கத்தில் இல்லை, வலிக்கட்டும் என்றுதான்.

"அத்தான், அந்தப் பெட்டியெல்லாம் எரைச்சல் நின்னது எப்படின்னு தெரியுமா? உள்ள ஒரு ரூவா அகலத்துக்குப் பெயின்ட்டச் சொரண்டுவேன். அம்புட்டுத்தான். அதுக்குத்தான் பதினோரு வருசம் பஸ்ஸு ஏறுனீக."

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி உறவுக்காரர்களிடம், "பாத்தீகளா, நான் சொல்லிக் குடுத்தத எம்புட்டு ஞாபகமா வச்சிருக்கா" என்றார்.

ஒரே ஒரு பெட்டி கிடைத்தால் போதும், எர்த்தைக் கழற்றி அத்தனை பேர் முன்னாலும் என் எழுத்தைக் காட்டலாம் என்று தேடக் கிளம்பினேன். எங்கள் பெட்டி வாங்கின தையற்கடை போன் கடையாகியிருந்தது. வெங்கட்ராஜு அண்ணன் பட்டறை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். சேத்தூரில் ஒருவர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள், போனால் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அத்தான் போய்விட்டார். அன்றைக்கு நான் அழுதது பொய் இல்லை. அவருக்காகத்தான் அப்படி அழுதேன் என்று அக்கா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.