வேட்டியில் பிழிந்த பீர்

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பேர்லேண்டில் வீடு வாங்கிய பிறகு கராஜில் பீர் காய்ச்ச ஆரம்பித்தேன். தொண்ணூறுகளின் நடுவில். ஹூஸ்டனில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு கிளப் இருந்தது. அதில் நான் ஒருவன்தான் இந்தியன். முதல் தடவை என் பீரைக் கொண்டுபோனபோது ஒரு தடியன் ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை என் கண்ணெதிரிலேயே சிங்க்கில் ஊற்றினான். டீ பையை மென்றது போல இருக்கிறது என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அங்கேயே அவன் பல்லை உடைத்திருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் அவன் என்னிடம் இரண்டாவது கிளாஸ் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்தேன். ஊறிய மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், மேல் சுடுதண்ணீர் ஊற்றி, ஒட்டியிருக்கும் இனிப்பைக் கழுவி இறக்குவதற்கு ஸ்பார்ஜிங் என்று பெயர். தண்ணீர் கொதிக்கக் கூடாது, கொதித்தால் உமியின் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். கழுவக் கழுவச் சாறு நீர்த்துப்போகும். ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிட்டால் எவ்வளவு இனிப்பு என்று காட்டும்; வெறும் தண்ணீர் என்றால் ஆயிரம். ஆயிரத்துப் பத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் இறங்குவது உமியின் துவர்ப்புதான். முதல் தடவை நான் அளக்கவே இல்லை.

அப்போது மச்சான் எங்கள் வீட்டில் இருந்தார். என் மனைவியின் அண்ணன். ஈரோட்டிலிருந்து அவரைக் கூட்டிவந்த கம்பெனி, பிராஜெக்ட் கிடைக்கும்வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தது. வேலை இல்லாததால் என் வேலையில் எல்லாம் மூக்கை நுழைத்தார்.

அடுத்த கூட்டத்துக்கான பீரைக் காய்ச்சிய சனிக்கிழமை கொஞ்சம் சாற்றை டம்ளரில் பிடித்து சமையலறைக்குக் கொண்டுபோய் ஐஸ் தண்ணீரில் ஆறவைத்தேன். சூடாக அளந்தால் தப்பாகக் காட்டும். ஆயிரத்துப் பன்னிரண்டு. இன்னும் ஒரு ஜக் ஊற்றி நிறுத்த வேண்டியதுதான். ஹைட்ரோமீட்டரும் கையுமாக கராஜுக்குத் திரும்பினேன்.

மச்சான் தன் வேட்டியை விரித்து, என் மால்ட்டை அதில் கொட்டி மூட்டை கட்டி, கரண்டிக் காம்பைக் கொடுத்து முறுக்கிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறத் தண்ணீர் என் பானைக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"எல்லாத்தையும் வேஸ்ட் பண்றீங்க மாப்ள. தேங்காய்ல மூணாம் பால் எடுக்கறதில்லயா? கொதிக்கக் கொதிக்க ஊத்திப் பிழிஞ்சேன். எவ்ளோ வருது பாருங்க."

"கொதிக்கற தண்ணியா?"

"பின்ன? உங்க தண்ணிக்கு என்ன இறங்கும்?"

கழுத்தைப் பிடித்துச் சுவரோடு மோதினேன். மூட்டை நழுவி அவர் வெறுங்காலில் விழுந்தது. அலறிக்கொண்டே கரண்டியால் என் காதோடு சேர்த்து அடித்தார்.

"கேவலம் ஒரு பீருக்கு என் மேல கை வெக்கறியாடா?"

மூக்கில் குத்தினேன். மறுபடி குத்தும்போதுதான் ஹைட்ரோமீட்டர் இன்னும் என் கையில் இருப்பது தெரிந்தது. குறி தப்பிப் பானையின் விளிம்பில் பட்டு அது நொறுங்கி என் உள்ளங்கையைக் கிழித்தது. கண்ணாடியும் அதற்குள் இருந்த ஈயக் குண்டுகளும் சாற்றுக்குள் கொட்டின. மேலே என் ரத்தம்.

மனைவி ஓடிவந்து முதலில் கராஜ் கதவை மூடினாள். "பக்கத்து வீட்டுக்காரன் போலீஸக் கூப்ட்டா ரெண்டு பேரும் உள்ளதான். எமர்ஜென்சில வழுக்கி விழுந்தோம்னு சொல்லுங்க. ஒரே மாதிரி சொல்லித் தொலைங்க."

அவள்தான் டிரைவ் பண்ணினாள். பின்சீட்டில் காலில் ஐஸ் வைத்துக்கொண்டு, மூக்கில் ரத்தத்தோடு மச்சான் சொன்னார்: "இவனுக்கு மொதல்ல கொழம்பு வெக்கக் கத்துக்குடு."

திரும்பி இடது கையால் ஓர் அறை விட்டேன். அவள் ஃப்ரீவேயில் வண்டியை ஓரங்கட்டி என்னை அறைந்தாள்.

கண்ணாடித் தூளை எந்தத் துணியில் வடிகட்டினாலும் யாருக்கும் குடிக்கக் கொடுக்க முடியாது. மறுநாள் காலை பானையைத் தள்ளிக்கொண்டுபோய் டிரைவ்வேயில் கவிழ்த்தேன். அந்த மாதக் கூட்டம் எனக்கு இல்லை. சாறு தெருவை நோக்கி ஓடியது. மச்சான் கட்டுப் போட்ட காலோடு நொண்டி வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"அத்தனையும் வேஸ்டா?" என்றார்.

என் கையில் தையல் இருந்ததால் தப்பித்தார்.