உள்ளே வரும் பணத்துக்கு ஒரு கையெழுத்து

2025 ஜனவரி 8, புதன்கிழமை, காலை மணி பத்து நாற்பது. வானம் மூடிக் கிடந்தது. மழை இல்லை, மார்கழி ஈரம் மட்டும் சுவரில் படிந்திருந்தது. அந்த நேரத்தில் நான் கைப்பேசியில் ஆறு எண்களை அழுத்தினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தப்பு வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாக, நிதானமாக அழுத்தினேன். ஆறாவது எண்ணோடு பதினொரு பேர் சேர்ந்து போட்ட பணம் போய்விட்டது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் குழு எங்களுடையது. என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். எல்லோருமே நெசவுத் தறியை விட்டுப் பனியன் தொழிலுக்கு வந்த குடும்பங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீதிக் கோயிலில் பஜனை. அந்த வருஷம் கோயில் ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டது. ரிப்பேர் செய்கிறவர் திறந்து பார்த்துவிட்டு, இதற்குச் செலவழிப்பதற்குப் பதில் வேறொன்று பழையதாக வாங்கிவிடலாம் என்று மூடிவிட்டார். தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு போட்டோம். பதினாறாயிரத்து ஐந்நூறு சேர்ந்தது. அதை என்னிடம் கொடுத்தார்கள். நான் முப்பத்தொரு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவன். எதையும் எண்ணாமல் கையில் வாங்கமாட்டேன், எண்ணாமல் கொடுக்கவும் மாட்டேன் என்பது ஊருக்குத் தெரியும்.

இணையத்தில் பழைய பொருள் விற்கிற ஒரு தளத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். நல்ல பழுப்பு நிற ஆர்மோனியம், பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், இடம் அமராவதி நகர்ப் பக்கம். இரண்டு படங்கள். முதல் படத்தில் கட்டைகளை எண்ணினேன்: வெள்ளை இருபத்தைந்து, கறுப்பு பதினேழு, ஆக நாற்பத்திரண்டு. இரண்டாவது படத்திலும் எண்ணினேன்: வெள்ளை இருபத்துமூன்று, கறுப்பு பதினாறு. முப்பத்தொன்பதுதான் வந்தது. மறுபடி எண்ணியும் முப்பத்தொன்பதுதான். விற்கிறவரிடம் தொலைபேசியில் கேட்டேன். படத்தில் ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது என்றார். கம்பெனியில் சாம்பிள் ஒன்றும் சரக்கு ஒன்றுமாக இருந்தால் மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே நம்பினேன். ஏனென்றால் அந்தக் குரல் அவ்வளவு மரியாதையாக இருந்தது. என்னைச் சாமி என்றது. ஒரு வாக்கியத்துக்கு நாலு 'ங்க' போட்டது. எங்கள் பக்கத்துப் பேச்சு. காசு ஏமாற்றுகிறவன் இந்தியில் பேசுவான், இல்லையென்றால் அரைகுறைத் தமிழில் பேசுவான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேரில் வருகிறேன் என்று சொன்னேன். தாராளமாக வரலாம், ஆனால் தான் வேலையாகச் சென்னையில் இருப்பதாகவும், பொங்கல் கழித்துத்தான் வீடு திறப்பதாகவும், அதற்குள் வேறு யாராவது கேட்டால் என்ன செய்வதென்றும் சொன்னார். ஆயிரம் ரூபாய் டோக்கன் போட்டு வைத்தால் எடுத்து வைப்பாராம். டோக்கன் என்றால் இங்கே அது பேச்சு முடிந்த மாதிரி. கொடுத்தவனும் பின்வாங்கமாட்டான், வாங்கியவனும் பின்வாங்கமாட்டான். அனுப்பினேன். அனுப்பிய பிறகு வேறு விளம்பரம் எதையும் பார்க்கவில்லை. பார்ப்பதே தப்பு என்று தோன்றியது.

பிற்பாடு யோசித்தபோது கணக்குப் பார்த்தேன். மூன்று தடவை பேசினோம். நான் அவரிடம் கேட்டது நாலு கேள்வி. அவர் என்னிடம் கேட்டது ஒன்பது. எந்தக் கம்பெனியில் என்ன வேலை, எத்தனை பேர் நடக்கிறோம், எந்தத் தேதி கிளம்புகிறோம், வீட்டில் யார் யார், பார்சலுக்கு முகவரி என்ன. ஒன்பதுக்கும் நான் பதில் சொல்லியிருந்தேன்.

அந்தப் புதன்கிழமை காலை அவரே கூப்பிட்டார். நான் முன்னறையில் நாற்காலியில் இருந்தேன். என் மனைவி தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நரம்பு உரித்துக்கொண்டிருந்தாள். காது சரியாகக் கேட்காததால் நான் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன்.

"சாமி, அந்த டோக்கன் பணத்தைத் திருப்பி அனுப்பிடறனுங்க. முருகன் காரியத்துக்குப் போற பொட்டி. முன்னப் பணம் வாங்க மனசு ஒப்பலீங்க. பொட்டி உங்க கைக்கு வந்து, வாசிச்சுப் பாத்துட்டு முழுசாக் குடுங்க."

இந்தக் காலத்திலும் இப்படி ஒருவரா என்று மனைவியைப் பார்த்தேன். அவள் காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் ஒரு தகவல் வந்தது. திறந்தால் பதினாலாயிரத்து ஐந்நூறு என்று இருந்தது. கீழே 'செலுத்து' என்று ஒரு பட்டை.

"ஏனுங்க, ஆயிரந்தான வரோணும்? இதுல பதினாலாயிரத்தி ஐநூறுன்னு காட்டுது. செலுத்துன்னும் போட்டு ரகசிய நம்பர் கேக்குதுங்க" என்றேன்.

"நீங்க கம்பெனில டி.சி. பாக்காததுங்களா சாமி? சரக்கு மதிப்பு முழுசும் மேல போட்டிருக்குமில்லீங்க. உள்ள வர்ற சரக்குக்கு வாங்கறவங்கதான கையெழுத்துப் போடோணும்? அந்த நம்பர்தானுங்க உங்க கையெழுத்து."

டி.சி. என்றால் டெலிவரி சலான். எங்கள் தொழிலில் அது இல்லாமல் ஒரு மூட்டை நகராது. துணி சாயத்துக்குப் போய் வந்தாலும், பிரிண்டிங்குக்குப் போய் வந்தாலும், உள்ளே இறங்கும்போது நான்தான் எண்ணிப் பார்த்து டி.சி.யில் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்து இல்லாவிட்டால் சரக்கு வந்ததாகவே கணக்கில்லை. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் கையெழுத்து என்று எனக்கே தெரியாது. அதனால் அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. பொருள் வந்தாலே கையெழுத்துக் கேட்கிறபோது பணம் வருவதற்குக் கேட்காதா? போட்டேன்.

அடுத்த நிமிஷம் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. பதினாலாயிரத்து ஐந்நூறு என் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது. மூன்று முறை படித்தேன். பணம் போயிருச்சுங்களே என்று அவரிடம் சொன்னேன்.

அந்தக் குரல் பதறவே இல்லை. சர்வரில் மாறிப் போயிற்று என்றார். இன்னொன்று அனுப்புகிறேன், அதில் ஒரு கையெழுத்துப் போட்டால் இரண்டும் சேர்ந்து திரும்பி வந்துவிடும் என்றார். வந்தது. இருபத்தொன்பதாயிரம். அந்தக் கணக்கில் மனைவியின் இரண்டு கண்ணுக்கும் புரை எடுப்பதற்காக நான் சேர்த்து வைத்திருந்த ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரமும் இருந்தது. பயத்தில் அது எனக்கு நினைவில்லை. போன பணம் வர வேண்டும், அவ்வளவுதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்கள் அழுத்திவிட்டேன்.

"ஏனுங்க" என்றாள் என் மனைவி. தலையைத் தூக்கவில்லை. "வர்ற பணத்துக்கு எதுக்குங்க நம்பரு? எனக்கு மாசாமாசம் கவருமெண்டு ஆயிரம் ரூவா வருது. நானொரு நாளும் ஒண்ணும் அமுத்துனதில்லீங்களே."

விரல் நின்றது. இன்னும் இரண்டு எண்தான் பாக்கி. பெண்களுக்கு அரசாங்கம் தருகிற அந்த ஆயிரம், பதினைந்தாம் தேதி வாக்கில் தானாக வந்து விழும். அதை எடுத்துக் கொடுப்பவனே நான்தான். வருவதற்கு நான் எதையும் அழுத்தியதில்லை. எடுப்பதற்குத்தான் அழுத்தியிருக்கிறேன்.

ஸ்பீக்கரில் அவளுடைய பேச்சும் போயிருக்கிறது. பிறகு, "அம்மாவும் பக்கத்துலதான் இருக்காங்ளா சாமி?" என்று கேட்டது அந்தக் குரல், அதே மரியாதையோடு. நான் பேங்குக்குச் சொல்லப் போகிறேன், போலீசுக்குச் சொல்லப் போகிறேன் என்றேன்.

"சொல்லுங்க சாமி. அட்ரஸ் எங்கிட்ட இருக்குதுங்க. நீங்க பூசத்துக்கு நடக்கறப்ப ஊட்ல அம்மா தனியாத்தான இருப்பாங்க?"

வைத்துவிட்டான்.

சைபர் குற்றத்துக்கான உதவி எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாம் தடவை சரியாகப் போட்டேன். ஒரு பெண் பொறுமையாக எழுதிக்கொண்டு புகார் எண் கொடுத்தார். பதினொன்று இருபத்தைந்து பஸ்ஸில் வங்கிக்குப் போனேன். தாழ்ப்பாளை உள்பக்கம் போட்டுக்கொள், நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திற என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன். வங்கியில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயசுகூட இருக்காது. கைப்பேசி வழியாகப் பணம் போகாதபடி கணக்கை உடனே முடக்கினார். பணம் அடுத்து எந்தக் கணக்குக்குப் போயிருக்கிறதோ அங்கே மிச்சம் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள் என்றார். பிறகு ஒரு தாளில் எழுதாமல், வாயாலேயே சொன்னார்: "பணம் உள்ள வர்றதுக்கு நம்பரே வேண்டாங்கய்யா. நம்பர் கேட்டுச்சுன்னா வெளிய போகுதுன்னு அர்த்தம்." இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எழுபத்தொரு வயசு ஆகியிருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. பஜனைக்கு வருகிற பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமலும் இருக்கலாம். கண்ணுக்கு வைத்த பணத்திலிருந்து, டோக்கனையும் சேர்த்துப் போன பதினைந்தாயிரத்து ஐந்நூறை எடுத்து வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பின்னால் எப்படியாவது தெரிந்தால், இவன் எடுத்து வைத்துக்கொண்டு கதை சொல்கிறான் என்று ஒரே ஒருத்தர் நினைத்தாலும் போதும், நான் அந்த வீதியில் நடக்க முடியாது. எங்கள் ஊர் அனுப்பர்பாளையத்தில் பட்டறைகளில் பாத்திரம் தட்டுகிற சத்தம் பகலெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு தட்டும் எங்கள் கதவைத் தட்டுகிற மாதிரியே இருந்தது. பதினெட்டுத் தடவை எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்த்திருக்கிறேன். அது வியாழக்கிழமை மட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்ததும், பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். கட்டை எண்ணியதிலிருந்து நாலாவது எண்வரை எல்லாம் சொன்னேன். ஆர்மோனியம் வாசிக்கிறவர் பனியன் கம்பெனியில் மோட்டார் தையல் மெஷின் ஓட்டுகிற ஒரு பவர் டேபிள் டெய்லர். நான் செக்கிங்கில் இருந்தபோது அதே கம்பெனியில் எனக்கு முன்னால் தைத்துப் போட்டவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க மாமா, எங்க பீஸ்ல ஒரு தையல் உட்டுப் போனாக்கூட மூஞ்சி மேல எறிவீங்க. நாப்பத்திரெண்டு கட்டை, முப்பத்தொம்பது கட்டைன்னு கண்ணுல பாத்துப்போட்டுமா பாஸ் போட்டீங்க?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் பயந்த மாதிரி ஏளனச் சிரிப்பு இல்லை அது. ஒருவர் கைப்பேசியை எடுத்து நட்டத்தைப் பதினொன்றால் வகுத்தார். ஆளுக்கு ஆயிரத்து நானூற்றொன்பது ரூபாயும் ஒன்பது பைசாவும் வந்தது. பைசா ஒன்பதை யார் தலையில் கட்டுவது என்று இன்னொருவர் கேட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டது நான், மற்றவர்கள் போடவில்லை என்றேன். திங்கட்கிழமை வங்கியிலேயே பணத்தை எண்ணி வாங்கி, பதினாறாயிரத்து ஐந்நூறையும் மறுபடி முழுசாக்கி டெய்லரிடம் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டவர், போன வருஷம் தனக்கும் ஆறாயிரம் போனதாகவும், இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை என்றும் மெல்லச் சொன்னார்.

பொங்கல் கழிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு ஆர்மோனியம் கிடைத்தது. நாலு கிலோமீட்டரில், தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிற ஒரு டீச்சர் வீட்டில். கீபோர்டு வாங்கிவிட்டதால் இதை விற்கிறார். டெய்லரும் நானும் போனோம். அவர் நாற்பது நிமிஷம் வாசித்துப் பார்த்தார். நான் எண்ணினேன், நாற்பத்திரண்டு. விலை பன்னிரண்டாயிரம். டீச்சருக்கும் எங்கள்மேல் பயம். பணம் அனுப்பியதாகப் பொய்யாகப் படம் காட்டி யாரோ அவர் தங்கையிடமிருந்து சைக்கிளைத் தூக்கிப் போய்விட்டார்களாம். தன் போனில் பணம் வந்ததைப் பார்த்த பிறகுதான் நாங்கள் பெட்டியில் கை வைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

டெய்லருக்குப் பணத்தை அவர் கணக்கிலிருந்து அனுப்பத் தெரியும். ஆனால் நானே அனுப்ப வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். இதற்குப் பிறகு கைப்பேசிக்கென்று நான் தனியாகத் திறந்திருந்த புதுக் கணக்குக்குப் பணத்தை மாற்றியிருந்தார். முதலில் ஒரு ரூபாய் அனுப்பினேன். திரையில் வந்த பெயரைச் சத்தமாகப் படித்தேன். டீச்சர் தன் பெயர்தான் என்றார், ஒரு ரூபாய் வந்ததைக் காட்டினார். மீதி பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைப் போட்டேன். ஆறு எண் கேட்டது. என் விரல் அதன்மேல் நின்றுவிட்டது. டீச்சர் என்னைப் பார்க்கிறார், நான் கைப்பேசியைப் பார்க்கிறேன்.

"இது வெளிய போற பணந்தானுங்க மாமா" என்றார் டெய்லர். "போடுங்க."

போட்டேன்.

பிப்ரவரி எட்டாம் தேதி குழு பழனிக்குக் கிளம்பியது. ஆர்மோனியத்தை வண்டியில் ஏற்றும்வரை கூட இருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் நான் நடக்காத முதல் வருஷம். பத்துப் பேரும் எவ்வளவோ சொன்னார்கள். பக்கத்து வீட்டில் சொல்லி வைப்போம், வேறு ஆள் வந்து படுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். என்னால் முடியவில்லை. அந்தக் குரல் தேதியைக் கேட்டு வாங்கியிருந்தது.

நாலு நாளும் வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் என் மனைவி காபியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, "அவன் வந்தான்னா நீங்க என்னங்க பண்ணுவீங்க? எண்ணுவீங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். யாரும் வரவில்லை. பாத்திரக்காரர், கேஸ்காரர், கூரியர்காரர் இருவர், வாடகைக்கு வீடு கேட்டு ஒரு ஒடிசாக்காரர் குடும்பம். அவ்வளவுதான். ஐந்து தடவையும் கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியாகப் பேசினேன். ஒடிசாக்காரர் கையில் கைக்குழந்தை இருந்தது. வெயில்.

ஜூலையில் நீதிமன்றத்தில் மனு கொடுத்து, எங்கோ ஒரு கணக்கில் நிறுத்தி வைத்திருந்த நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் திரும்பி வந்தது. தானாகவே வந்து விழுந்தது. யாரும் என்னிடம் எண் கேட்கவில்லை. மனைவியின் வலது கண்ணுக்கு ஆகஸ்டில் செய்தோம். இடது கண்ணை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியிருக்கிறோம். போனது பதினைந்தாயிரத்து ஐந்நூறு, வந்தது நாலாயிரத்து முந்நூற்றைம்பது, பஸ்ஸுக்கு இருநூற்று நாற்பது, ஜெராக்ஸுக்கு அறுபத்து நாலு, மனு எழுதியதற்கு முந்நூற்றைம்பது. மொத்தம் எனக்கு ஆனது பதினோராயிரத்து எண்ணூற்று நாலு ரூபாய்.